தாள் ஓரத்துக் கோடு

இப்போதெல்லாம் சமையலறை மேடையில் பதிக்கிற எந்தக் கல்லுக்கும் கிரானைட் என்றுதான் பெயர். கடைக்காரர் கறுப்பாகப் பளபளக்கும் பலகையைத் தட்டிக் காட்டி, சுத்தமான கிரானைட் என்கிறார். அது கிரானைட் இல்லை. கிரானைட்டுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறைகூட இல்லை. ஓய்வு பெற்ற புதிதில் இதைச் சொல்லித் திருத்தப் பார்த்தேன். ஒரு கடையில் பேச்சு கொஞ்சம் நீண்டதும் என் மனைவி கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டாள். இப்போது வாயைத் திறப்பதில்லை. ஒரு பாறைக்கு என்ன பெயர் வைப்பது, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சண்டை போடுவதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தச் சண்டைகளில் ஒன்று மட்டும் அலுவலகத்தில் முடியாமல் என் தங்கையின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எழுபதுகளில் நான் அரசு நிலவியல் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். நாட்டின் வரைபடத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தாள் என்பார்கள். ஒவ்வொரு தாளும் ஓர் அதிகாரியின் பொறுப்பு. அவர் மழை விட்டதும் ஜீப், கூடாரம், சமையல்காரர் சகிதம் கிளம்பிப் போய், அடுத்த மழை பிடிக்கும்வரை மலையும் ஓடையுமாக நடந்து, பாறைகளுக்கு நடுவே எல்லை வரைந்துகொண்டு வர வேண்டும். இதற்கு சீசன் என்று பெயர். கண்ணால் பார்த்த எல்லைக்கு முழுக்கோடு. பார்க்காமல் ஊகித்ததற்கு விட்டுவிட்டுப் போகும் கோடு. மண்ணுக்கடியில் மறைந்து கிடப்பதற்குப் புள்ளிக்கோடு. நான்காவதாக ஒரு கோடு எங்கள் அலுவலகத்தில் கிடையாது. பூமியில் இருக்கலாம், அது பூமியின் பிரச்சினை.

எனக்கு வடக்குத் தாள். கொல்லங்கோடு தாண்டி கோவிந்தாபுரத்தில் முகாம். சொந்த ஊர்ப்பக்கம் என்பதால் கூடாரத்தில் ஒரு கால், வீட்டில் ஒரு கால். தெற்குத் தாள் என் தங்கை கணவருக்கு. அவருக்கு தேவிகுளத்தில் முகாம், அங்கேயே ஒரு சின்னக் குவார்ட்டர்ஸ். தங்கைக்கு மாப்பிள்ளை தேட நான் எங்கும் அலையவில்லை. பக்கத்து மேஜையில் இருந்தார். கிழக்குப் பாலக்காட்டில் எங்களைப் போலவே தோட்டமும் கிணறும் உள்ள குடும்பம், படித்தவர், சுத்தியல் பிடிக்கும் கை என்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லை. அலுவலகத்தில் அவர் எனக்கு இளையவர். வீட்டில் மாப்பிள்ளை என்பதால் நான்தான் வாங்க போங்க போட வேண்டும். குழப்பம் வராமலிருக்க இரண்டு இடத்திலும் வாங்க போங்கவே வைத்துக்கொண்டேன்.

தங்கை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவள். எங்கள் பக்கத்துக் காற்று துணியைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் காயவைத்துவிடும். தேவிகுளத்தில் துணி காய்வது என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே. முதல் வருஷம் சளி என்றாள். இரண்டாம் வருஷம் இளைப்பு வந்தது. மூன்றாம் வருஷத்தில் படுத்துத் தூங்க முடியாமல் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தே இரவைக் கழிக்கத் தொடங்கினாள். ஆஸ்பத்திரி டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த மருந்தைவிட மலையிறங்குகிற பஸ்தான் நல்ல மருந்து என்று சொல்லி அனுப்பினார். அடுத்த முறை இதைவிட மோசமாக வந்தால், பனிமூட்டத்தில் இந்த ரோட்டில் எந்த வண்டியும் வேகமாக இறங்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இறங்கி வந்து எங்கள் வீட்டில் இருந்தாள்தான். வந்த வாரமே மூச்சு சீராகிவிடும். ஆனால் கட்டிக் கொடுத்த பெண் அம்மா வீட்டில் தங்கினால் எங்கள் பக்கத்தில் முதல் மாதம் நலம் விசாரிப்பார்கள், இரண்டாம் மாதம் காரணம் விசாரிப்பார்கள், மூன்றாம் மாதம் அவர்களே காரணம் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். அதோடு அவளுக்கும் அவரை விட்டு இருக்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி மலையேறிவிடுவாள். ஏறியதும் மறுபடி இளைப்பு.

மாப்பிள்ளை மாற்றல் கேட்டு எழுதினார். பாலக்காட்டு அலுவலகத்தில் ஒரு மேஜை காலியாக இருந்தது. மேலிடம் சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை, தெற்குத் தாள் முடிந்திருக்க வேண்டும். தாள் முடியாத அதிகாரியை விடுவிக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். அது இல்லாவிட்டால் பாதி இந்தியா இன்னும் வெள்ளைத்தாளாகக் கிடக்கும்.

தாள் ஏறக்குறைய முடிந்திருந்தது. பாக்கி இருந்தது ஓரம் சேர்ப்பது. பக்கத்துப் பக்கத்துத் தாள்களில் வரைந்த கோடுகள் ஓரத்தில் சந்தித்துக்கொள்ள வேண்டும். வடக்கே கிரானைட் எல்லை என்று ஒரு கோடு வந்தால், தெற்குத் தாளில் அதே இடத்தில் அதே எல்லை தொடர வேண்டும். முழுக்கோடாக வந்தது முழுக்கோடாகவே போக வேண்டும். தாளின் ஓரத்தில் பாறை திடீரென்று பெயர் மாற்றிக்கொண்டால் அச்சகத்தில் சிரிப்பார்கள். அதனால் இரண்டு தாளின் அதிகாரிகளும் ஓரத்தில் ஒரே இடத்தில் சேர்ந்து நின்று பார்த்து, டிரேசிங் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் முறை.

சிக்கல் இதுதான். என் வடக்குத் தாளின் அந்தப் பகுதி எனக்கு முன்பே அச்சாகிவிட்டது. அதை இளமையில் நடந்து வரைந்தவர் அப்போதைய எங்கள் மேலதிகாரி. அவர் போட்ட கிரானைட் கோடு, கறுப்பாக, முழுசாக, எந்தச் சந்தேகமும் இல்லாமல் தெற்கு நோக்கி வந்து தாளின் ஓரத்தில் முட்டி நின்றது. மாப்பிள்ளை தன் பக்கத்திலிருந்து அந்த இடத்துக்கு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே கோடு எதுவும் இல்லை என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்.

நான் உடுமலைப்பேட்டை வழியாக ஜீப்பில் போனேன். மறையூரில் கரும்புப்பாகு காயும் வாசனை ரோடு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் யூகலிப்டஸ், தேயிலை, குளிர். தேவிகுளத்தில் தங்கை வாசலுக்கு வந்து சிரித்தாள். "வாங்ணா" என்ற ஒரு சொல்லுக்கு அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

மறுநாள் மாப்பிள்ளை என்னை நேராகத் தாளின் ஓரத்துக்குக் கூட்டிப் போகவில்லை. சூரியநெல்லிக்குக் கூட்டிப் போனார். அங்கே தேயிலைக்கு நடுவே ஓர் ஓடை மண்ணையெல்லாம் அரித்துக்கொண்டு போய்ப் பாறையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தது. எஸ்டேட் காவல்காரர் ஒருவர், தலையில் கம்பளியை முக்காடாகப் போட்டவர், எங்களுக்குத் துணையா எங்கள்மேல் கண்காணிப்பா என்று தெரியாதபடி கூடவே வந்தார்.

ஓடையின் கீழ்ப்பக்கத்தில் இருந்தது நைஸ் என்று நாங்கள் சொல்லும் வரிப்பாறை. கறுப்பும் வெளுப்புமாகக் கம்பளி நெய்த மாதிரி வரி. கொஞ்சம் மேலே ஏறினால் கறுப்பு வரிக்குள் நூல் பருமனுக்கு வெள்ளைக் கீற்றுகள். இன்னும் மேலே அந்தக் கீற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து விரல் பருமன், கை பருமன். வரிகள் குழைந்து மடிந்து, பிசைந்த மாவு மாதிரி சுருண்டிருந்தன. அதற்கும் மேலே எல்லாமே வெள்ளை. கறுப்பு, கிழிந்த துணித் துண்டுகளாக அதில் மிதந்துகொண்டிருந்தது. ஓடையின் தலைப்பில் சுத்தமான கிரானைட்.

மாப்பிள்ளை சுத்தியலைப் பாறைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுல எங்கீங்க மச்சான் கோடு போடுவீங்க?"

நான் லென்ஸை எடுத்துக் கொஞ்சநேரம் பார்த்தேன். பதில் தெரியாதபோது லென்ஸ் எடுத்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் மரியாதையான வழக்கம். நான் கீழே ஓர் இடத்தைச் சொன்னேன். அவர் அங்கேயும் வெள்ளைக் கீற்று இருப்பதைக் காட்டினார். மேலே ஓர் இடத்தைச் சொன்னேன். அங்கேயும் கறுப்புத் துண்டு இருந்தது. வாக்குவாதம் ஏறியது. காவல்காரர் தூக்குப்போணியைத் திறந்து டீயை ஊற்றிக்கொண்டே, "என்ன சார், ரெண்டு பேரும் கல்லுக்குச் சாதகம் பாக்குதியளோ? அவுக கருப்புங்காக, நீங்க வெள்ளைங்கிய. பொதுவா ஒரு பேர வச்சுட்டு வாங்க, டீ ஆறுது" என்றார்.

டீ குடிக்கும்போது மாப்பிள்ளை தன் கணக்கை எனக்கு விளக்கினார். அவர் அதுவரை யாரிடமும் அதை முழுசாகச் சொன்னதில்லை என்று பிறகு தெரிந்தது.

பூமியின் மேலோடு துண்டு துண்டாக நகர்கிறது என்பது அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் பாதி வதந்தி. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. அவை எங்கள் நூலகத்துக்குக் கப்பலில் வந்து, முத்திரை குத்தப்பட்டு, பீரோவில் பூட்டப்பட்டன. தென்னிந்தியா ஆதியிலிருந்து ஆடாமல் அசையாமல் இருக்கும் பாறை என்று படித்து வந்தவர்கள் எங்கள் பெரியவர்கள். அது ஒரு காலத்தில் அசைந்தது என்று சொன்னால், உட்கார்ந்திருக்கும் நாற்காலியை யாரோ இழுத்த மாதிரி முகம் மாறிவிடும். மாப்பிள்ளை அந்த பீரோ சாவியை வாங்கிப் படித்தவர்.

அவர் சொன்னது இவ்வளவுதான். கடலடித் தரை கனமானது. அது கண்டத்தோடு மோதினால் கண்டத்துக்கு அடியில் சரிந்து போய்விடும். இரண்டு கண்டங்கள் மோதினால் அப்படி நடக்காது. இரண்டும் இலேசான பாறை, எதுவும் முழுசாக உள்ளே போகாது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மடிந்து, மேலோடு இரண்டு மடங்கு தடிக்கும். மேலே தூக்கி நிற்பது மலை. அதைவிடப் பல மடங்கு பாறை கீழே வேர் மாதிரி இறங்கி நிற்கும். அந்த ஆழத்தில் அகப்பட்டுக்கொண்ட பாறைக்குள் கொஞ்சம் யுரேனியம், கொஞ்சம் தோரியம், கொஞ்சம் பொட்டாசியம் இருக்கிறது. அவை விடும் சூடு சொற்பம்தான். ஆனால் மேலே அத்தனை தடிப்பான போர்வை இருக்கும்போது சூடு வெளியே போக வழியில்லை. மோதல் ஓய்ந்து, சண்டை போட்ட இரண்டு பக்கமும் அதை மறந்தே போன பிறகு, எத்தனையோ லட்சம் வருஷங்கள் கழித்துத்தான் அடியில் இருப்பது உருகத் தொடங்கும்.

அதுவும் மொத்தமாக உருகாது. நாம் காக்காப்பொன் என்கிற மைக்கா தன்னிடம் பூட்டி வைத்திருந்த நீரை விடும். அந்த நீர் கலந்தவுடன் வெங்கச்சங்கல் என்கிற குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பார் என்கிற வெளிர்கல்லும் இளகும். எது எளிதில் உருகுமோ அது மட்டும் கசிந்து, கீற்றாகி, ஓடையாகி, ஒன்று சேர்ந்து, இலேசாக இருப்பதால் மேலே ஏறி, எங்கோ தேங்கி, ஆறி இறுகும். அதுதான் கிரானைட். "வெண்ணெய உருக்கற மாதிரிதானுங்க மச்சான். நெய் மேல வந்துருது, கசடு அடியில நின்னுருது." அந்தக் கசடுதான் கறுப்பாக, உலர்ந்து, சிவப்பு மணிகளோடு கிடக்கும் பாறை. சூடு தரும் சரக்கெல்லாம் உருகலோடு மேலே போய்விடுவதால் அடிப்பகுதி பிறகு ஆறிவிடும், மறுபடி சுலபத்தில் உருகாது. ஒவ்வொரு மோதலிலும் இப்படி மேலே வெளுத்து, அடியில் வறண்டுதான் கண்டங்கள் கெட்டிப்படுகின்றன என்பது அவர் கருத்து. மேலே இருந்த மலை மழையிலும் காற்றிலும் கரைந்து போயிற்று. நாம் மலைமேல் நடப்பதாக நினைக்கிறோம், உண்மையில் தேய்ந்து போன வேறொரு பெரிய மலையின் வேர்மேல் நடக்கிறோம் என்றார்.

மேலதிகாரியின் கோடு சொன்னது வேறு கதை. கிரானைட் எங்கிருந்தோ உருகி வந்து, இங்கே இருந்த பாறையைக் கிழித்துக்கொண்டு புகுந்தது, அதனால் இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டின மாதிரி எல்லை உண்டு என்ற கதை. அப்படிப்பட்ட இடங்களும் உலகத்தில் நிறைய இருக்கின்றன. இந்த இடம் அப்படியா என்பதுதான் கேள்வி. முழுக்கோடு போட்டால் அப்படித்தான் என்று சத்தியம் செய்கிற மாதிரி. கோடே இல்லாமல் மெல்ல மெல்ல மாறுகிறது என்றால், பாறை நின்ற இடத்திலேயே உருகியது, இதுதான் அந்த அடுப்பு என்று அர்த்தம். மாப்பிள்ளைக்கு அந்த அடுப்பைக் கண்டுபிடித்த சந்தோஷம். எனக்கு அடுத்த நாளைப் பற்றிய கவலை.

அடுத்த நாள் தாளின் ஓரத்துக்குப் போனோம். புல்மலை, காற்று, எங்கும் வழுக்கும் பாறை. அச்சடித்த வரைபடத்தை விரித்துக் கல் வைத்து அழுத்தி, கோடு வந்து முட்டுகிற இடத்தில் போய் நின்றேன். நான் எதிர்பார்த்தது ஓர் எல்லை. குறைந்தபட்சம் எல்லை மாதிரி ஒன்று. கிழக்கே நடந்தேன், மேற்கே நடந்தேன். சூரியநெல்லி ஓடையில் பார்த்த அதே குழைவுதான் இங்கேயும், இன்னும் நீளமாக, இன்னும் பொறுமையாக. வரிப்பாறை எந்த இடத்திலும் நிற்கவில்லை, கிரானைட் எந்த இடத்திலும் தொடங்கவில்லை. வடக்கே சில மைல் தொலைவில் எங்கள் மேலதிகாரி உண்மையாகவே ஒரு கூர்மையான எல்லையைப் பார்த்திருக்கலாம். அங்கிருந்து மண்ணும் புல்லும் மூடிய தூரத்தைக் கையால் நீட்டி ஓரம்வரை கொண்டுவந்திருக்கிறார். இளம் வயதில் எல்லோரும் செய்வதுதான். எல்லோரும் பெரிய அதிகாரி ஆவதில்லை என்பதால் எல்லோருடைய கோடும் அச்சாவதில்லை.

மாப்பிள்ளை என்னைக் கேள்வி கேட்கவில்லை. நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தார். "நீங்க சொன்னது சரிதானுங்க மாப்ள" என்றேன். அவர் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

திரும்பும்போது ஜீப்பில் வழிமுறைகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அச்சான தாளைத் திருத்தலாம். அதற்கு முன்மொழிவு எழுத வேண்டும், அது குழுவுக்குப் போகும், குழு ஆண்டுக்கொரு முறை கூடும், கூடினால் அடுத்த சீசன் திட்டத்தில் மறு ஆய்வு என்று சேர்க்கும். அதுவரை தெற்குத் தாள் முடியாத தாள். முடியாத தாளின் அதிகாரி தேவிகுளத்தில்தான் இருப்பார். விட்டுவிட்டுப் போகும் கோடு போடலாமா? ஓரத்தில் முழுக்கோடு துண்டாக மாறக் கூடாது. மேலதிகாரியிடம் பேசிப் பார்க்கலாமா? பேசியாகிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. தன் கோட்டைத் தவறென்று சொன்னதற்காகக் கோபப்படக்கூட இல்லை. சந்தேகம் இருந்தால் இன்னொரு சீசன் இருந்து நிதானமாகப் பார்க்கட்டுமே என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். கடைசியாக ஒரு வழி எனக்குப் பட்டது. கோட்டைப் போட்டுவிட்டு, வரைபடத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு. இந்த இடத்தில் எல்லை படிப்படியானது, மேலும் ஆய்வு தேவை என்று. என் ஆங்கிலம் அதற்குப் போதும். மாப்பிள்ளை தேயிலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. தங்கை கட்டிலில் தலையணையை அணைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா வெந்நீர்ச் சட்டியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் வெளியே போனார். அந்தப் பேசாமையில் எங்கள் இரண்டு பேருக்கும் திட்டு இருந்தது. தங்கையின் தோள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கியது. உதட்டின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை.

டிரேசிங் தாள் மேஜைமேல் விரித்தபடி இருந்தது. மாப்பிள்ளை அதன் எதிரே நின்றார். உட்காரவில்லை. நாங்கள் ஜீப்பில் பேசியதில் பாதியை மறுபடி அங்கே நின்று பேசினோம். அவளுக்குக் கேட்கும் என்று தெரிந்தும் பேசினோம்.

இளைப்பு கொஞ்சம் ஆறியதும் அவள் தலையைத் தூக்கினாள்.

"ஏனுங்க. அந்தக் கோட்டப் போட்டா... என்னாகுமுங்க?"

"பொய்யாகும்" என்றார்.

"போடாட்டி?"

அவர் டிரேசிங் தாளின் சுருண்ட ஓரத்தை நீவினார். நான்தான் சொன்னேன். "இன்னொரு சீசன் இங்கயே இருக்கோணும் கண்ணு."

அவள் மூச்சை வாங்கிக்கொண்டு, முகத்தைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு சொன்னாள். "கல்லு எந்திரிச்சு எங்கீயும் போயராதுங்க. நாந்தான்... போயிருவேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. சமையலுக்கு உப்பு தீர்ந்துபோயிற்று என்று சொல்வது போலச் சொன்னாள். மறுபடி தலையணைமேல் குனிந்துகொண்டாள்.

மாப்பிள்ளை உட்கார்ந்தார். பேனாவில் மை ஊற்றிப் பழைய காகிதத்தில் ஒரு கோடு இழுத்து மை சரியாக வருகிறதா என்று பார்த்தார். நான் அவருக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். "இது அச்சாயிட்டா நம்ம சர்வீசுக்குள்ள திருத்த விடமாட்டாங்க மாப்ள. தெரிஞ்சே போடுங்க."

"தெரியுமுங்க மச்சான்."

தாளின் ஓரத்தில் மேலதிகாரியின் கோடு முடிந்த புள்ளியில் பேனாவை வைத்து இழுத்தார். அவருடைய கை சுத்தமான கை. அலுவலகத்தில் வரைவாளர்களே பொறாமைப்படும் கை. கோடு எங்கும் கோணவில்லை, எங்கும் தடிக்கவில்லை. இல்லாத ஒன்றை அவ்வளவு அழகாக யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. கீழே கையெழுத்துப் போட்டு எனக்குத் தள்ளினார். நான் போட்டேன்.

ஓரக் குறிப்பை அன்றே எழுதி இணைத்து அனுப்பினேன். இரண்டு வாக்கியம். ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து வைத்த குறிப்பு. அது அச்சில் வரவில்லை. பக்கத்துத் தாளுக்கு முரணான செய்தி ஓரக் குறிப்பில் இடம்பெறலாகாது என்று விதிப்புத்தகத்தின் ஒரு பிரிவைச் சுட்டிக்காட்டி நீக்கியிருந்தார்கள். அந்தப் பிரிவை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அதன்பிறகு மறந்ததும் இல்லை.

மழைக்கு முன்பே மாற்றல் வந்துவிட்டது. பாலக்காட்டில் ஒரு மாடி வீடு பார்த்துக் குடிவந்தார்கள். கணவாய்க் காற்று தன் வேலையைச் செய்தது. இளைப்பு போன இடம் தெரியவில்லை. அடுத்தடுத்து இரண்டு பெண் குழந்தைகள். தங்கை உடம்பு தேறி, பேச்சு பழையபடி நீண்டு, அண்ணன் என்றும் பார்க்காமல் என்னைக் கிண்டல் செய்யும் நிலைமைக்கு வந்துவிட்டாள். டாக்டர் சொன்னது சரி. அவள் சொன்னதும் சரி.

மாப்பிள்ளை மேஜை வேலையில் அமர்ந்தார். குவாரி விண்ணப்பம் பார்ப்பார், கிணறு வெட்டுவதற்கு இடம் கேட்டு வருகிற விவசாயிகளுக்குப் பதில் சொல்வார். எல்லாம் ஒழுங்காகச் செய்தார். நூலகத்து பீரோ சாவியை மட்டும் பிறகு அவர் கேட்கவில்லை. ஆரம்பத்தில் நானே புதுப் பத்திரிகை வந்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க படிச்சுச் சொல்லுங்க மச்சான்" என்பார். நான் படித்துச் சொல்வேன். கேட்டுக்கொள்வார்.

எழுபதுகள் முடியும் தறுவாயில் பாலக்காட்டில் ஒரு கல்லூரி அரங்கில் நிலவியல் கருத்தரங்கு நடந்தது. வெளியூரிலிருந்து ஓர் இளம் ஆராய்ச்சியாளர் வந்திருந்தார். ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லுகளைத் திரையில் காட்டிப் பேசினார். கண்டங்கள் மோதியது, மேலோடு தடித்தது, அடியில் உருகியது, இந்த மலைகளின் கிரானைட் எல்லாம் அந்த உருகலின் நெய் என்று. நெய் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். நானும் மாப்பிள்ளையும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அவர் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முன்வரிசை நாற்காலியின் முதுகில் ஊன்றிக் கேட்டார். அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பேச்சு முடிந்ததும் ஒரு பேராசிரியர் எழுந்தார். அச்சடித்த வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, உங்கள் கணக்குப்படி இந்த ஓரத்தில் எல்லை படிப்படியாக மாற வேண்டும், ஆனால் நேரில் போய்ப் பார்த்த இரண்டு அதிகாரிகள் இங்கே முழுக்கோடு போட்டிருக்கிறார்களே என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். அந்த இளைஞருக்கு அந்த மலையில் ஏற வாய்த்ததில்லை. வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "மச்சான், நான் எந்திரிச்சுச் சொன்னா என்னங்க?"

எனக்கு விதி தெரியும். அலுவலகம் ஒப்புதல் தந்த வெளியீட்டுக்கு எதிராகப் பொது இடத்தில் கருத்துச் சொல்ல முன் அனுமதி வேண்டும். இல்லையென்றால் விளக்கம் கேட்பார்கள், விளக்கம் சரியில்லை என்றால் மாற்றல் வரை போகும். மாற்றல் என்றால் எந்த ஊருக்கு என்று நாங்கள் கேட்க முடியாது. இதை அவரிடம் சொன்னேன். அனுமதி வாங்கிக்கொண்டு பிறகு எழுத்தில் கொடுக்கலாம் என்ற வழியையும் சொன்னேன். எல்லாம் சரியாகச் சொன்னேன். விதியில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

அவர் தலையாட்டினார். நாற்காலி முதுகிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேடையில் அந்த இளைஞர், அந்த இடத்தைப் பொறுத்தவரை என் கருத்தை மறுபடி யோசிக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தார். கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம்.

அனுமதி கேட்டு அவர் எழுதவில்லை. பிற்காலத்தில் வேறு பலர் வேறு வழிகளில் வந்து அதே முடிவைச் சொன்னார்கள். ஐம்பது கோடி ஆண்டுக்கும் முந்தைய மோதல் என்கிறார்கள். இன்று பாடமாகவே இருக்கிறது. அந்தப் பாடத்தைப் படிக்கிற பிள்ளைகள் எங்கள் பழைய வரைபடத்தையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, இந்த ஓரம் மட்டும் ஏன் ஒத்துவரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

கருத்தரங்கு அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக மாடிக்குப் போய்விட்டார். தங்கை சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் சாய்ந்து நின்றேன். எதைப் பற்றிய கூட்டம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"அவரு எதாச்சும் பேசுனாருங்களாண்ணா?"

"இல்ல கண்ணு."

"நீங்க?"

"நானும் இல்ல."

பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தாள். டிகாக்ஷனை ஊற்றி, சர்க்கரை போட்டு, வேண்டிய அளவுக்கு மேலேயே கலக்கிக்கொண்டிருந்தாள். அவர் இப்போதெல்லாம் கல்லைப் பற்றித் தன்னிடம்கூடப் பேசுவதில்லை என்றாள். முன்னெல்லாம் தலைவலி வருகிற அளவுக்குப் பேசுவாராம். வெண்ணெய் உருக்கும்போதெல்லாம் வந்து பக்கத்தில் நின்றுகொண்டு பாடம் நடத்துவாராம். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நா அன்னிக்கு அப்பிடிச் சொல்லியிருக்கப்படாதுங்களாண்ணா?"

அதற்கு எந்தப் பிரிவில் பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இல்ல கண்ணு, நீ சரியாத்தான் சொன்னே என்றேன். உண்மை. அவளுக்கு அது போதவில்லை என்பதும் தெரிந்தது. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எத்தனையோ வருஷமாக யோசித்தும் அது என்னவென்று இன்னும் எனக்குப் படவில்லை.

என் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, அவருடையதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அந்த வீட்டுப் படி செங்குத்தானது. நானே இடையில் ஒரு முறை நிற்பேன். அவள் நிற்கவில்லை. கீழேயிருந்து எனக்கு அவள் குரல் மட்டும் கேட்டது. என்னவோ நீளமாக, விடாமல், ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பதில் சொன்னாரா என்று நான் காபி ஆறும்வரை நின்று கேட்டுப் பார்த்தேன். காதில் விழவில்லை.